வலக்கைக்கு ஒரு கமர்கட்டு

பிறர் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்கிற தொழிலில், பாடத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது வாத்தியாரைத் தவிர அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

பட்டத்தைச் சுருட்டித் தகரப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, சிம்மக்கல்லிலோ தெற்குவாசலிலோ ஓர் அறைக்கு நாலு பேராகப் படுத்துக்கொண்டு, சாயங்காலமானால் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு யார் வீட்டுப் பிள்ளைக்காவது பாடம் சொல்லக் கிளம்புகிற என் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானும் உங்களில் ஒருவன். என் அப்பா சோழவந்தானில் கொடிக்கால் குத்தகை எடுத்து வெற்றிலை பயிர் செய்கிறவர். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் "தாசில்தார் ஆயாச்சா?" என்று கேட்கிறார்கள். கேலி செய்தால்கூடப் பதில் சொல்லிவிடலாம். அவர்கள் நிஜமாகவே கேட்கிறார்கள். அதற்குப் பயந்தே நான் மதுரையில் கிடந்தேன்.

நான் இங்கே சொல்லப்போவது ஒரே வீட்டுக் கதை. மற்ற வீடுகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

போணி

கீழமாசி வீதியில் ஒரு மிளகாய் வத்தல் மண்டி. அதன் பின்கட்டில் முதலாளியின் வீடு. பாடம் நடக்கும்போது முன்னால் மூட்டை பிரித்தால் பின்னால் வாத்தியாரும் பையனும் சேர்ந்து தும்ம வேண்டும். பையன் பெயர் சொக்கலிங்கம், சொக்கு என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வயது. கெட்டிக்காரன். ஒரே குறை, எல்லாவற்றையும் இடக்கையால் செய்வான். எழுதுவதும் இடக்கை, சாப்பிட உட்கார்ந்தால் முதலில் நீள்வதும் இடக்கை. ஒருநாள் காலையில், கடை திறந்ததும் வந்த முதல் வியாபாரிக்கு மாதிரி பார்க்க ஒரு பிடி வத்தலை எடுத்து இடக்கையால் நீட்டியிருக்கிறான். வந்தவர், இடக்கையிலா போணி என்று, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்மண்டிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பையன் மண்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

எனக்கு முன்னால் இருந்த வாத்தியார், பையனின் இடக்கையை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து, பிரம்பால் அடித்து வலக்கையால் எழுதவைக்கப் பார்த்திருக்கிறார். நான் போன முதல் நாள், 'கையைக் காட்டு' என்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பை அப்புறம் பார்த்தேன். அடிக்காமல், பரிசு கொடுத்தே அவன் கையைத் திருப்பிக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். ஜூன் மாதம் ஹைஸ்கூலில் முதல் பாரத்துக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, சேர்க்கைப் பரீட்சை. இடக்கையால் எழுதுகிற பையன்களை அங்கே தலைமையாசிரியர் சேர்ப்பதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜர் முதலாளிக்கு வேண்டியவர். பையன் சேர்ந்துவிட்டால் எனக்கும் அங்கே ஒரு வாத்தியார் வேலைக்குச் சொல்வதாக முதலாளி தாமாகவே வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு இதையும் சொன்னார்:

"ஜூன் வரைக்கும் உங்க வழியில போங்க வாத்தியாரே. அதுக்குள்ள கை திரும்பலைன்னா பழைய வாத்தியாரைத்தேன் கூப்பிடணும். அவரு பிரம்பை நம்ம வீட்டுலதேன் வச்சுட்டுப் போயிருக்காரு."

கட்டுபடி

வலக்கையால் ஒரு வரி எழுதினால் ஒரு கமர்கட்டு என்று ஆரம்பித்தேன். வாத்தியார் கைப்பையில் புத்தகத்தோடு கமர்கட்டும் இருப்பது பெரிய கௌரவம் அல்ல; வெயிலில் அது உருகி என் இலக்கணப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பையன் எழுதினான். எழுத்துகள் காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி இருந்தன. இடக்கை தன்னையறியாமல் பேனாவைப் பிடுங்க வரும்போதெல்லாம் அதை அவனே தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். அதைப் பார்த்து, அடிக்காத வழிதான் சரியான வழி என்று அறைக்குப் போய் மற்ற மூன்று பேருக்கும் பிரசங்கம் செய்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு வரி போதாது, ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றேன். பையன் எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்துவந்தான். மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த விரலை அழுத்தினால் எவ்வளவு என்பது அவர்களுக்குள் கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். சொக்கு என் கைமேல் துண்டைப் போட்டு உள்ளே கையை விட்டு மூன்று விரலை அழுத்தினான். பக்கத்துக்கு மூன்று கமர்கட்டு. நான் ஒரு விரலைப் பிடித்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவன் விட்டது இடக்கை. 'மண்டியில் இந்தக் கையைப் பிடிப்பார்களா?' என்றேன். முகம் சுருங்கிப்போய் வலக்கையைக் கொடுத்தான். அந்த விரல்கள் தனித்தனியாக மடங்கத் தெரியாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எனக்கு மனசு கேட்கவில்லை, இரண்டுக்குச் சம்மதித்தேன். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பையன் சொன்னான்:

"இன்னைக்கு முதல் பேரம்ங்கிறதால விட்டுத் தாரேன் சார். நாளப்பின்ன இந்த விலை எனக்குக் கட்டுபடியாகாது."

மாடு

சொக்கு சிலேட்டில் படம் போடுவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூட்டை இறக்க வருகிற வண்டிமாடுகளை ஜன்னல் வழியாகப் பார்த்து, இடக்கையால் ஒரே இழுப்பில் முதுகையும் திமிலையும் கொண்டுவந்துவிடுவான். அப்போது அவன் வாய் திறந்திருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இவ்வளவு ஆசையாகச் செய்கிற காரியத்தையே வலக்கைக்கு மாற்றினால் என்ன? வலக்கையால் ஒரு மாடு போட்டால் ஒரு எள்ளுருண்டை என்றேன். போட்டான். அது பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. அவனே அதைப் பார்த்துச் சிரித்தான். எள்ளுருண்டையைத் தின்றுவிட்டு அடுத்த பூசணிக்காயைப் போட்டான்.

கொஞ்ச நாள் இப்படிப் போயிற்று. ஒருநாள் நான் எள்ளுருண்டை வாங்க மறந்துபோனேன். பாடம் முடிந்து பையன் சும்மா உட்கார்ந்திருந்தான். தெருவில் ஒரு காங்கேயம் காளை வந்து நின்றது, கொம்புக்குப் பித்தளைக் குப்பி போட்டு, அவ்வளவு அழகாக. 'உனக்குப் பிடித்த கையாலேயே போடப்பா, பார்ப்போம்' என்று நான்தான் சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் காளையையும் பார்க்கவில்லை, சிலேட்டையும் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்:

"உருண்டை இல்லாத அன்னைக்கு மாடு எதுக்கு சார்?"

முழு டப்பா

முதலாளியம்மா நல்லவர். பையனுக்கு அடி விழுந்த காலத்தில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதவர். ஆகையால் என்மேல் அவருக்கு நல்ல எண்ணம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் சொக்கு அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கை வலிக்கிறது, இப்போதே கமர்கட்டு வேண்டும் என்றான். முழுப் பக்கம் ஆனால்தான் தருவேன் என்றேன். பையன் அழுதான். உள்ளேயிருந்து அம்மா வந்தார். ஒரு டப்பா நிறைய அல்வாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். அவன் பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தின்றான்.

எங்கள் வீட்டில், படித்தால் என்ன தருவீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. படிக்காவிட்டால் விடிவதற்கு முன்னால் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கப் போக வேண்டும். படித்தால் விடிந்த பிறகு போனால் போதும். எனக்குத் தெரிந்த பரிசு அதுதான். அதை அந்த அம்மாளிடம் சொல்ல முடியுமா? நான் சொன்னதெல்லாம், 'கேட்டபோதெல்லாம் கொடுத்தால் அவன் எழுதமாட்டான் அம்மா' என்பதுதான். அவர் கோபப்படவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பவர் மாதிரி கேட்டார்:

"பச்சப்புள்ளைய ஒரு துண்டு மிட்டாய்க்கு இம்புட்டு ஏங்க விடுறீகளே, உங்களையும் உங்க வீட்டுல இப்படித்தான் ஏங்க விட்டு வளத்தாகளா?"

கணக்குப்பிள்ளை சொன்னது

முதலாளிக்கு ரயில்வேயோடு ஓயாத தகராறு. வழியில் நனைந்த மூட்டை, கிழிந்த மூட்டை, வந்தே சேராத மூட்டை. என் பி.ஏ. அதற்கு வசதியாக இருந்தது. பாடம் முடிந்து கிளம்பும்போது, 'ஒரு நிமிசம் வாத்தியாரே' என்று கூப்பிட்டு உட்காரவைத்து இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும், 'மேனேஜரைப் பாக்கையில உங்க விசயத்தைக் காதுல போட்டுவைக்கிறேன்' என்பார். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வருவேன். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த நாள் இன்னும் நல்ல இங்கிலீஷில் எழுதுவேன். நனைந்த வத்தலுக்காக அவ்வளவு உருக்கமாக யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

ஊரில் அப்பாவிடம், பள்ளிக்கூட வேலை ஏறக்குறைய நிச்சயம் என்று சொல்லியிருந்தேன். அவர் அதைக் குத்தகை நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டார். ஆகவே ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, மேனேஜரைப் பார்த்தீர்களா என்று முதலாளியிடமே கேட்டேன். 'பய கை திரும்பட்டும், திரும்பட்டும்' என்றார். மண்டியில் கணக்கு எழுதுகிற சங்கரன் பிள்ளை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் பயலுக்காச்சும் கமர்கட்டு கைக்கு வந்துருது தம்பி."

பெரிய பரிசு

வைகாசி பிறந்தது. அல்வா வந்த நாளிலிருந்து பையன் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. கமர்கட்டு, எள்ளுருண்டை, பம்பரம், திருவிழாவில் வாங்கிய தகர ஊதல் எல்லாம் கொடுத்துத் தீர்ந்துவிட்டன. ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது பழைய வாத்தியார் மண்டியில் உட்கார்ந்து முதலாளியோடு காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். உள்ளே சொக்கு கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூலையில் நின்றான். அவனை உட்காரவைத்துக் கேட்டேன், 'உனக்கு உண்மையாகவே என்ன வேண்டும்? நான் வாங்கக்கூடியதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சொல்.' அவன் மண்டிப் பக்கத்துக் கதவைப் பார்த்தான். கடைசியில், அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியில் உட்கார வேண்டும் என்றான்.

நான் முதலாளியிடம் போய் மன்றாடினேன். வலக்கையால் ஒரு முழுப் பக்கம் எழுதிக் காட்டிய நாளில் பையன் விளக்கு வைக்கிறவரை மண்டியில் உட்காரலாம். கல்லாவுக்குப் பின்னால், போணியைத் தொடாமல். ஒரு வாரம் பார்க்கலாம் என்று சம்மதித்தார். அன்றே பையன் ஒரு பக்கம் எழுதினான். மறுநாளும் எழுதினான். எழுத்து நிமிர்ந்தது, சுழி வட்டமாக வந்தது. மண்டியில் துண்டுக்கு அடியில் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பழகினான். பழைய வாத்தியார் அவனைக் கட்டிவைத்த அதே கம்பிதான். சாப்பிடும்போது பார்த்தேன், வலக்கைதான். இடக்கையை அவன் அடக்கிவைக்கவுமில்லை. அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. இவ்வளவு மாதமாக மிட்டாய்க்கடைக்கு அலைந்தேனே, கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பானே என்று சந்தோஷத்தோடு என்னையே திட்டிக்கொண்டேன். அவனோ நோட்டை மூடிவைத்துவிட்டு அவசரமாகக் கேட்டான்:

"சார், காலையிலேயே ரெண்டு பக்கம் எழுதிட்டா பகல் பூராவும் மண்டியில இருக்கலாம்ல?"

சேர்க்கை

பரீட்சைக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். சொக்கு வலக்கையால், ஒரு பொட்டு மை சிந்தாமல் எழுதினான். கணக்கை நான் எதிர்பார்த்ததற்கும் முன்னால் முடித்துவிட்டுப் பேனாவைத் துடைத்துவைத்தான். தலைமையாசிரியர் நோட்டைத் திருப்பிப் பார்த்து, 'யார் சொல்லிக்கொடுத்தது?' என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, 'திங்கட்கிழமை சேர்த்துவிடுங்கள்' என்றார். அந்த அறையில் சுவரோரமாகக் காலியாக ஒரு நாற்காலி கிடந்தது. வாத்தியார்கள் உட்காருவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சலவைச் சட்டையோடு போனேன். சொக்கு மண்டியில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே விருதுநகரிலிருந்து வந்த பெரிய வியாபாரி, நடுவே துண்டு. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வியாபாரி சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டு, 'முடிஞ்சது மாப்ள' என்றார். அன்றைக்கு முதல் பேரம் அதுதான் என்று சங்கரன் பிள்ளை என் காதில் சொன்னார். முதலாளியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மகனைத் தொடவில்லை, பாராட்டவில்லை. துண்டை மட்டும் எடுத்து அவன் தோளில் போட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றேன். 'பள்ளிக்கூடம் எதுக்கு வாத்தியாரே?' என்றார் முதலாளி. 'மண்டிக்குக் கை வரலையே, பள்ளிக்கூடத்துக்காச்சும் போகட்டும்னுதேன் உங்களை வச்சேன். அதான் வந்துருச்சே. கணக்கு வருது, கையெழுத்து வருது. இனிமே அங்க போயி என்னத்தைக் கத்துக்கப் போறான்?' நான் பேசினேன். முதல் பாரம், எஸ்.எஸ்.எல்.சி., காலேஜ் என்று பேசினேன். பேசப் பேச அவர் பார்வை என் சட்டைக்காலரில் இருந்த தையலுக்குப் போயிற்று. காலரைக் கையால் மறைத்துக்கொண்டேன். பிறகு பையனிடம் திரும்பி, 'நீயாவது சொல்லப்பா, அவ்வளவு நன்றாக எழுதினாயே' என்றேன். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். 'எழுதுனது இங்க வாரதுக்குத்தானே சார்' என்றான்.

படி இறங்கினவன் மறுபடியும் ஏறி, கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். மேனேஜரிடம் என்னைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே என்றேன். முதலாளி நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"நம்ம பய சேர்ந்திருந்தா அந்தச் சாக்குல பேச்சை எடுத்திருக்கலாம் வாத்தியாரே. சேராத பள்ளிக்கூடத்துல போயி நான் என்னன்னு ஆரம்பிக்கிறது?"

ஆக, பரிசைக் காட்டிப் பாடம் சொன்னால் பிள்ளை பரிசைத்தான் படித்துக்கொள்கிறது, பாடத்தைப் படித்துக்கொண்டு வீதிக்கு வருகிறவன் வாத்தியார்.